அழுத்தம் அளக்க லேசரா, பாதரசமா, டயஃபிரமா?

வாயு அழுத்தத்தை லேசரால் அளக்கலாம் என்றதும், பழைய கேஜ் எல்லாம் இனி காயலான் கடைக்குத்தானா என்று கேட்கிறார்கள். அதெல்லாம் இல்லை. போட்டி யாரோடு என்பதைப் பொறுத்தது.

பாதரசத்தோடு என்றால் என் ஓட்டு லேசருக்குத்தான். அமெரிக்காவின் தேசிய அளவீட்டு ஆய்வகமான நிஸ்டின் பாதரச மானோமீட்டர் (பாதரசம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்து அழுத்தம் அளப்பது) 3 மீட்டர் உயரம், உள்ளே சுமார் 250 கிலோ பாதரசம். பாதரச பாரோமீட்டரைக் கண்டுபிடித்த டோரிசெல்லி காலத்து யோசனைதான், பெரிதாக்கி நுணுக்கமாக்கியிருக்கிறார்கள். அதே நிஸ்டின் ஃப்ளாக் (FLOC) என்ற லேசர் அழுத்தமானியில் அளக்கும் பகுதி 15 செ.மீ. சொச்சம் நீளக் கண்ணாடிக் கட்டை. அதில் இரு முனையிலும் ஆடி வைத்த இரண்டு பாதைகள். ஒன்றில் வாயு, மற்றதில் வெற்றிடம். வாயுவுக்குள் ஒளி சற்றே மெதுவாகப் போவதால் அங்கே ஒத்திசையும் லேசர் அதிர்வெண் நகரும், அந்த நகர்விலிருந்து ஒளிவிலகல் எண் (ஒளி எவ்வளவு மெதுவாகிறது என்பதன் அளவு), அதிலிருந்து மூலக்கூறு அடர்த்தி, அப்புறம் வெப்பநிலையாலும் போல்ட்ஸ்மான் மாறிலியாலும் (வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் எண்) பெருக்கினால் அழுத்தம். அந்த மாறிலியின் மதிப்பை 2019இல் நிரந்தரமாக நிர்ணயித்துவிட்டார்கள்.

ஆனால் வெப்பநிலையில் ஆயிரத்தில் ஒரு டிகிரி பிசகினாலே அழுத்தத்தில் பத்து லட்சத்துக்கு 3 பங்கு பிழை. ஹீலியத்தின் ஒளிவிலகலைக் குவாண்டம் கணக்கிலேயே துல்லியமாகப் போட்டுவிடலாம், அது பெரிய வசதி. அந்த ஹீலியமோ கண்ணாடிக்குள்ளேயே ஊடுருவி அதன் நீளத்தை மாற்றிவிடும்! நைட்ரஜனில் அந்தத் தொல்லை இல்லை, ஒளிவிலகல் விளைவும் ஹீலியத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. ஆனால் நைட்ரஜனின் ஒளிவிலகல் மதிப்பை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொழிற்சாலைச் சேம்பருக்கு? கெபாசிட்டன்ஸ் டயஃபிரம் கேஜ் (மெல்லிய தகடு எவ்வளவு வளைகிறது என்பதை மின்சார முறையில் அளப்பது) போதும், யோசிக்கவே வேண்டாம். எந்த வாயு தள்ளினாலும் தகடு ஒரே மாதிரி வளையும், கலவை வாயுவானாலும் கவலையில்லை. லேசர் முறைக்கோ உள்ளே என்ன வாயு என்று தெரிந்தே ஆகவேண்டும். டயஃபிரத்தில் பூஜ்யம் மெல்ல நகரும், அவ்வப்போது கேலிபரேஷனுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

உயர் வெற்றிடத்தில் கதையே வேறு. 1 பாஸ்கலில் (சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு) நைட்ரஜனின் ஒளிவிலகல் வெற்றிடத்தைவிட நூறு கோடியில் 3 பங்கு கூட அதிகமில்லை, அதற்குக் கீழே போகப் போக ஒளிவிலகலை நம்பிப் பயனில்லை. அங்கே அயன் கேஜ்தான் (மிச்ச வாயுவை அயனாக்கி அந்த மின்னோட்டத்தை அளப்பது), அதுவும் வாயுவுக்கு வாயு வேறு எண் காட்டும். அதைச் சரிபார்க்கத்தான் காந்தப் பொறியில் குளிர்ந்த லித்தியம் அல்லது ருபிடியம் அணுக்களை அடைத்து, மிச்ச வாயு மோதி அவை எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்று பார்க்கும் முறையை நிஸ்ட் உருவாக்கியது. அங்கேயும் லேசர் உண்டு, ஆனால் அணுக்களைக் குளிர்விக்கவும் எண்ணவும்தான்.