போஸ்ட்டாக் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

வடசென்னையில் பிஎச்டி முடித்துவிட்டு வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிறகு செய்யும் தற்காலிக ஆய்வு வேலை) தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை மாடியில் இருக்கும் ஒரு கன்சல்டன்சியில் 65,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். அம்மாவின் செயின் இன்னும் சேட்டு கடையில்தான் இருக்கிறது.

நான் ஆய்வு செய்தது சோடியம் அயன் பேட்டரியில். ஏழு மாதமாக வேலை இல்லை. "டாக்டர் மேடம், ஜெர்மனியில எங்களுக்கு டை-அப் இருக்கு, மூணு மாசத்துல ஆஃபர் லெட்டர்" என்றார்கள். அந்த 'டாக்டர் மேடம்'தான் என்னைக் கவிழ்த்தது. வீட்டில்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

என் பெயரில் அவர்களே ஒரு ஜிமெயில் தொடங்கினார்கள். பாஸ்வேர்டு தரவில்லை. நாலாவது மாதம் சண்டை போட்டு வாங்கித் திறந்தால், தலை சுற்றியது. ஒரே கடிதம், நானூறு பேராசிரியர்களுக்கு மேல். 'உங்கள் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது' என்பது பேட்டரிக்காரருக்கும் போயிருக்கிறது, பாலம் கட்டும் சிவில்காரருக்கும் போயிருக்கிறது. நடுவில், எனக்கு முன்னால் பணம் கட்டிய யாரோ ஒருவரின் ஆய்வுத் தலைப்பை அழிக்காமலே விட்டிருந்தார்கள்: மீன் எண்ணெய். காசிமேட்டுக்குப் பக்கத்தில் பிறந்ததைத் தவிர எனக்கும் மீனுக்கும் ஆய்வில் ஒரு சம்பந்தமும் இல்லை.

பணத்தைவிட இதுதான் வலிக்கிறது. நான் உண்மையிலேயே சேர ஆசைப்பட்ட ஆய்வகத்தின் பேராசிரியரும் அந்தப் பட்டியலில் இருந்தார். அப்புறம் நானே உட்கார்ந்து ஒழுங்காக எழுதினேன். ஏற்கெனவே உங்கள் கடிதம் வந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

போஸ்ட்டாக் ஆளைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்தப் பேராசிரியர்தான், தன் புராஜெக்ட் பணத்தில். நடுவில் ஏஜெண்டுக்கு வேலையே இல்லை. காலியிடங்கள் பல்கலைக்கழகத் தளங்களிலும் ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்செஸ் தளத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்கு நாமே நேரடியாக விண்ணப்பிக்கலாம்; ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு நம்மைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், பிஎச்டி முடித்து பொதுவாக 8 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது என்பது அதன் முக்கிய விதிகளில் ஒன்று.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு பெற்றவர்கள் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டபோது, சிரித்துக்கொண்டே என் ரசீதையே திருப்பிக் காட்டினார்கள். அதில் 'கேரியர் பயிற்சிக் கட்டணம்' என்று இருந்தது. ஆக, அவர்கள் வேலையே வாங்கித் தரவில்லையாம், பாடம் நடத்தினார்களாம்! ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்று கட்டும்போதே படியுங்கள். ஜிபேயில் கட்டியிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். நான் நாலு மாதம் கழித்துக் கூப்பிட்டேன்.

அந்த மீன் எண்ணெய்க்காரர் இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் பெயரிலும் ஒரு ஜிமெயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.