பாஸ்டல் கிளௌனா, அல்பினோ பைடா?

பால் பைத்தான் இனப்பெருக்கம் செய்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஐந்தே நிமிடத்தில் பின்னக் கணக்கில் வந்து நிற்பார். கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு இது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அதனால்தான் ‘பால்’ (ball). அல்பினோ நிறம் குட்டிகளுக்குக் கடத்தப்படுவதை 1992-இல் அமெரிக்காவில் பாப் கிளார்க் நிரூபித்தார். வெள்ளைத் திட்டுகள் கொண்ட பைடுக்கு அதை 1997-இல் செய்தவர் பீட்டர் கால். இப்படிப் பரம்பரையாக வரும் நிற, கோல வகைகளை மார்ஃப் என்பார்கள். அப்புறம் ஒற்றை மார்ஃபோடு யாருக்கும் ஆசை அடங்கவில்லை. நிறமும் கோலமும் ஒரே பாம்பில் வேண்டும். தலைப்பில் உள்ள இரண்டும் அப்படிப்பட்ட கூட்டுகள்தான்.

அல்பினோ பைடு பார்க்கக் கொள்ளை அழகு. பால் வெள்ளை உடம்பில் அங்கங்கே மஞ்சள் திட்டு, சிவந்த கண். ஆனால் இரண்டுமே ஒடுங்கு பண்புகள்: தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். அல்பினோவையும் பைடையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்கச் சாதாரணப் பழுப்புக் குட்டிகள்தான். இவற்றை டபுள் ஹெட் என்பார்கள்: இரண்டு மரபணுவும் உள்ளே ஒளிந்திருக்கும். பெண் குட்டி 1,500 கிராம் எடைக்கு வர ஏறக்குறைய மூன்று வருடம். பிறகு டபுள் ஹெட்டை டபுள் ஹெட்டோடு சேர்த்தால் 16-க்கு 1 வாய்ப்பு. ஒரு ஈட்டுக்குச் சராசரி ஆறு முட்டை என்றால், மூன்றில் இரண்டு ஈடுகளில் ஒன்றுகூட வராது. பழுப்பாகப் பிறப்பவற்றில் எது எதைச் சுமக்கிறது என்றும் கண்ணால் சொல்ல முடியாது. 66 சதவீத ஹெட், அதாவது சுமக்க 66 சதவீத வாய்ப்பு, என்று எழுதி விற்க வேண்டியதுதான். இப்போது உரித்த தோலை அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொள்ளலாம், அது தனிச் செலவு.

பாஸ்டல் கிளௌனில் நிலைமை வேறு. மஞ்சளைத் தூக்கிக் காட்டும் பாஸ்டல் முழுமையற்ற ஓங்கு பண்பு. ஒரு பிரதி இருந்தாலே தெரியும். கோலத்தைக் கலைத்துப் போடும் கிளௌன் மட்டுமே ஒடுங்கு பண்பு. இரண்டையும் சேர்த்தால் குட்டிகளில் ஏறக்குறைய பாதி பாஸ்டல். எல்லாமே உறுதியான கிளௌன் ஹெட். அதில் ஓர் ஆணை வைத்துக்கொண்டால் போதும். ஆண்கள் ஒன்று, ஒன்றரை வருடத்தில் தயாராகிவிடும். அதை உறவில்லாத கிளௌன் பெண்ணோடு விட்டால் 4-க்கு 1. ஆறு முட்டையில் ஒன்றாவது கிடைக்க 82 சதவீத வாய்ப்பு. மிச்சக் குட்டிகளிலும் ஊகத்துக்கு இடமில்லை.

அவசரக்காரர்களுக்குப் பாஸ்டல் மொஹாவே இருக்கிறது. மொஹாவேயும் பாஸ்டல் போல ஒரு பிரதியிலேயே தெரியும் மார்ஃப் என்பதால் முதல் தலைமுறையிலேயே 4-க்கு 1. அதனாலேயே எல்லாரிடமும் இருக்கிறது.

இரண்டு மூன்று பெண் பாம்பு வைக்கவே இடமுள்ளவருக்கு நான் பாஸ்டல் கிளௌனைத்தான் சொல்வேன். அல்பினோ பைடுதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், இரண்டும் வெளியே தெரியும் ஆண் ஒன்றை விலை கொடுத்து வாங்கி டபுள் ஹெட் பெண்ணோடு விடுங்கள். அங்கேயும் கணக்கு 4-க்கு 1 ஆகிவிடும்.

இல்லாவிட்டால் முட்டை வெட்டும் நாளில் பொறுமை போய்விடும். ஐம்பத்தைந்து நாள் தாண்டி ஓட்டைக் கீறினால் கிளௌன் தன் தலைக் கோலத்திலேயே, கண்ணுக்குக் கீழ் கண்ணீர்த்துளி போன்ற கோட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அல்பினோ பைடு அப்படியல்ல. மஞ்சள் தலை ஒன்று எட்டிப் பார்க்கும்; பைடின் தலையில் பெரும்பாலும் வெள்ளை இருக்காது. அது வெறும் அல்பினோவா, கேட்டதுதானா என்பது இன்னும் முட்டைக்குள் சுருண்டு கிடக்கும் உடம்பில் இருக்கிறது. இழுத்துப் பார்க்கவும் கூடாது.