ரிவியன் ஆர்1டி-க்கு எந்தச் சக்கரம்: 20 அங்குலமா, 21 அங்குலமா, 22 அங்குலமா?

மின்சார பிக்கப் வாங்குகிறவர்கள் பேட்டரியைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். சக்கரத்தை மட்டும் படத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) பெரிதாக, முரட்டுத்தனமாகத் தெரியும் ஆல்-டெரெய்ன், அதாவது கல், மண், மணல் எல்லாவற்றுக்குமான டயருக்குத்தான் மவுசு. அந்த முரட்டுத்தனத்துக்கு ஒவ்வொரு சார்ஜிலும் கிலோமீட்டர் கணக்கில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே அலசுவது அமெரிக்க நிறுவனமான ரிவியனின் 2023ஆம் ஆண்டு மின்சார பிக்கப், ஆர்1டி. நான்கு மோட்டாரும் லார்ஜ் பேட்டரியும் கொண்ட வண்டி. ஒரே வண்டிக்கு மூன்று அளவுச் சக்கரங்களை நிறுவனமே கொடுத்தது. மூன்றுக்கும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தனித்தனியாக ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், எவ்வளவு என்று கணக்கு வெளியிட்டது. இப்படி வசதியாக ஒப்பிடக் கிடைக்கும் பிக்கப் வேறு அதிகம் இல்லை. 21 அங்குலச் சாலை டயரோடு 328 மைல், அதாவது சுமார் 528 கி.மீ. 22 அங்குல ஸ்போர்ட் டயரோடு 303 மைல். 20 அங்குல ஆல்-டெரெய்னோடு 289 மைல், சுமார் 465 கி.மீ. பேட்டரி அதே, மோட்டார் அதே. சக்கரம் மாறியதில் 63 கி.மீ. காணாமல் போகிறது.

22 அங்குலத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ரிம் பெரிது, ரப்பர் சாலையை இறுக்கிப் பிடிக்கும், வளைவில் வண்டி நன்றாகத் திரும்பும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள பிக்கப்பை வளைவில் விரட்ட ஆசைப்படுகிறவர்கள் எத்தனை பேர்? ரேஞ்சும் போகிறது, கல்லுக்கும் தாங்காது. அழகுக்காக வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குவதானால் தாராளமாக வாங்கலாம்.

உண்மையான போட்டி 20-க்கும் 21-க்கும் இடையில்தான். இதில் எல்லோரும் பட்டனைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது டயரின் பக்கச்சுவரை. 20 அங்குல டயரின் அளவு 275/65 ஆர்20. 20 என்பது ரிம்மின் விட்டம். டயரின் அகலம் 275 மி.மீ., அதில் 65 சதவீதம் பக்கச்சுவர் என்றால் சுமார் 179 மி.மீ. உயரம். 21 அங்குலத்தில் (275/55) அது 151 மி.மீ. 22-இல் (275/50) வெறும் 137. யூட்டா மாநிலத்தின் மோவாப் பாறைகளில் ஓட்டிப் பார்த்தால் இதன் அருமை புரியும். அங்கே வெறும் நவஹோ மணற்கல்லில் சாலை டயரே நன்றாகப் பிடிக்கும். மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது. ஆபத்து படிப்படியாக உடைந்து நிற்கும் பாறை விளிம்புகளில் இருக்கிறது. சக்கரம் விளிம்பில் இடிக்கும்போது ரப்பர் நசுங்க இடம் இருந்தால் தப்பிக்கும். இல்லையென்றால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கிப் பக்கவாட்டில் கிழியும். பட்டனில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம், பக்கச்சுவர் கிழிந்தால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மணலிலும் இதே கதை. இந்த வண்டிக்கு வழக்கமான 48 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தை முப்பதுக்கு அருகே இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து வண்டியைத் தாங்கும். படர்வதற்கும் உயரமான பக்கச்சுவர் வேண்டும்.

சரி, 63 கி.மீ. எங்கே போகிறது? ரப்பர் நெளியும்போது சக்தி வெப்பமாகிறது. ஆழமான, தனித்தனி பட்டன்கள் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் நெளிகின்றன; வேகம் கூடும்போது காற்றையும் கலக்குகின்றன. பட்டன் தேயத் தேய இந்த இழப்பு குறையும் என்பதால், பழைய டயரைக் கழற்றிவிட்டு அதே டயரைப் புதிதாகப் போட்டவர்கள் “ரேஞ்ச் குறைந்துவிட்டது” என்று பதறுவதுண்டு. பேட்டரியில் எந்தக் கோளாறும் இல்லை.

இந்த இழப்பு உறுத்துமா என்பது நீங்கள் போகும் வழியைப் பொறுத்தது. கொலராடோ மாநிலத்தின் டென்வரிலிருந்து மோவாப் சுமார் 570 கி.மீ. ஐ-70 நெடுஞ்சாலையில் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதை வரை ஏறிவிட்டு, கிராண்ட் ஜங்ஷன் நோக்கி இறங்க வேண்டும். டென்வருக்கும் கிராண்ட் ஜங்ஷனுக்கும் இடையே ஏறக்குறைய 395 கி.மீ. 21 அங்குலத்தில், நல்ல வெயில் காலத்தில், ஒரே மூச்சில் போய்ச் சேர்வது நடக்கக்கூடிய காரியம். ஆல்-டெரெய்னோடு, குளிரில், ஹீட்டரும் ஓடும்போது வழியில் உள்ள கிளென்வுட் ஸ்பிரிங்ஸில் நிறுத்துவதுதான் புத்தி. ஒரு நிறுத்தம் கூடுகிறது, அவ்வளவுதான். வழியில் சார்ஜர் இல்லாத வட்டாரங்களில் சுற்றுகிறவர்களுக்கு இதே இழப்பு பெரிய தலைவலி.

அதே ஐ-70-இல் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாரிசனுக்கும் டாட்செரோவுக்கும் இடையே செப்டம்பர் 1 முதல் மே 31 வரை கொலராடோவின் டயர் விதி அமலில் இருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானாலும் பட்டன் ஆழம் 3/16 அங்குலமாவது, அதாவது 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவாவது, இருக்க வேண்டும். 20 அங்குலச் சக்கரத்தோடு நிறுவனம் தந்த பைரெல்லியின் ஸ்கார்பியன் ஆல் டெரெய்ன் பிளஸ் டயரில் மலைச் சிகரமும் பனித்துகளும் சேர்ந்த முத்திரை உண்டு. கடும் பனிக்கான சோதனையில் தேறியது என்று அர்த்தம். டென்வர் பக்கம் இருப்பவர்களுக்கு ஆல்-டெரெய்ன் வாங்க பாறையைவிட இதுவே நல்ல காரணம்.

நிறுவனம் தரும் டயர் போதாது என்று பி.எஃப்.குட்ரிச் நிறுவனத்தின் கே.ஓ.2, கே.ஓ.3 டயர்கள் பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். இவை எல்.டி. வகை, இலகு லாரிக்கான டயர்கள். பக்கச்சுவர் தடிமன், கூர்மையான கல்லில் இவற்றுக்கு நிகர் குறைவு. ஆனால் எடை எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பைரெல்லியின் 116 என்றால் டயருக்கு 1,250 கிலோ. எல்.டி. டயரின் 126 என்றால் 1,700 கிலோ. அது 80 பி.எஸ்.ஐ. காற்றில் கிடைக்கும் தாங்குதிறன். 48-இல் ஓட்டிக்கொண்டே 1,700-ஐ எதிர்பார்க்க முடியாது. காற்றை ஏற்றினால் முதுகு வலிக்கும், ஏற்றாவிட்டால் பாரத்தோடு போகும்போது டயர் சூடாகும். டயரும் கனம், ஆகவே ரேஞ்ச் மேலும் குறையும். வருடம் முழுக்கக் கல்லில் கிடப்பவர்களுக்கு இது சரியான டயர். வாரம் ஐந்து நாள் அலுவலகம், எப்போதாவது ஒரு மலைப்பாதை என்பவர்களுக்கு வீண்.

இந்த இரண்டுக்கும் நடுவே டோயோ நிறுவனத்தின் ஓப்பன் கன்ட்ரி ஏ/டி 3 இ.வி. டயர் இருக்கிறது, மின்சார பிக்கப்புகளை மனதில் வைத்தே செய்தது. என்ஜின் ஓசை இல்லாத வண்டியில் டயரின் இரைச்சல் நேரே காதுக்கு வரும் என்பதால் இப்படிப்பட்ட டயருக்குத் தேவை இருக்கிறது.

யாரும் அதிகம் பேசாத ஓர் அளவு 275/60 ஆர்20. ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கின் 20 அங்குலச் சக்கரத்துக்கு உரியது. இதன் மொத்த விட்டம் 838 மி.மீ.; ரிவியனின் 21 அங்குலச் சாலை டயருக்கு 836. கிட்டத்தட்ட ஒன்றுதான். 20 அங்குல ரிம்மில் இதைப் போட்டால் பக்கச்சுவர் 165 மி.மீ. கிடைக்கிறது; வேகமானியும் தூரக் கணக்கும் குழம்பாது. 275/65-இன் விட்டம் 866 மி.மீ. என்பதால் 21-இலிருந்து மாறுகிறவர்கள் வண்டியின் மென்பொருளுக்கு அதைத் தெரிவித்தாக வேண்டும். எடை எண் 116-க்குக் குறையாத எக்ஸ்.எல். (கூடுதல் பாரம் தாங்கும்) வகையாகப் பார்த்து வாங்கினால், இதுவே பெரும்பாலானோருக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. 275/65-ஐவிடத் தரைக்கும் வண்டிக்கும் இடையே 14 மி.மீ. குறைவது மட்டுமே நஷ்டம்.

ரிம் வாங்கும்போது ஐந்து போல்ட், அவை அமரும் 139.7 மி.மீ. வட்டம் பொருந்துகிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. பழைய ராம் 1500 பிக்கப்பின் போல்ட் வட்டமும் அதுவே. மாட்டலாம் என்று விற்பார்கள். ரிம்மின் உள்பக்கம் அச்சிடப்பட்டிருக்கும் எடை வரம்பு, பின் அச்சுக்கு அனுமதித்த எடையில் பாதியாவது இருக்கிறதா என்று பாருங்கள். நடுத்துளை, ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு), பிரேக் காலிப்பருக்கு இடைவெளி மூன்றும் அதற்குப் பிறகு.

புதுச் செட் வாங்குகிறவர்கள் மறப்பது ஸ்டெப்னியை. 21-க்கு வந்த ஸ்டெப்னியை 866 மி.மீ. டயர்களோடு மாட்டினால் அந்த ஒரு சக்கரம் மட்டும் வேறு வேகத்தில் சுழலும். சக்கரத்துக்கு ஒரு மோட்டார் உள்ள வண்டியில் சுழற்சியைக் கணக்கிடும் மென்பொருளுக்கு அது பிடிக்காது. நான்குக்கு விலை கேட்கும்போதே ஐந்துக்குக் கேளுங்கள்.