நியூயார்க் 311: வெப்பம் வராத வாடகை வீட்டுக்கு எவ்வளவு உதவும்?

நியூயார்க்கின் பழைய அடுக்ககங்கள் பலவற்றில், வீட்டின் வெப்பம் குடியிருப்பவரின் கையில் இல்லை. அடித்தளத்தில் உள்ள ஒரே பாய்லரிலிருந்து நீராவி ஏறி வந்தால்தான் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சுடும். எரிபொருள் செலவை மிச்சம் பிடிக்க வீட்டுக்காரர் நினைத்துவிட்டால், கட்டடமே விறைக்க வேண்டியதுதான். அத்தகைய வீட்டுக்காரர் ஒருவரிடம் வாடகைக்கு இருந்தபோது நான் பயன்படுத்திய, 2003 முதல் நகர நிர்வாகம் நடத்திவரும் 311 என்ற புகார் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு.

அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிக்குள் வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி, அதாவது 20 செல்சியஸ், இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். இரவு 10 முதல் காலை 6 வரை, வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62 டிகிரிக்குக் குறையக் கூடாது. "பாய்லர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்பதே எங்கள் வீட்டுக்காரரின் மாறாத பதில். பாய்லர் ஓடுகிறதா என்று சட்டம் கேட்கவில்லை. அறையில் எத்தனை டிகிரி என்றுதான் கேட்கிறது. மலிவான வெப்பமானி ஒன்றைச் சுவரில் மாட்டி, நேரத்தோடு படம் எடுத்து அனுப்பத் தொடங்கிய பிறகே அவருடைய பதில்களின் தொனி மாறியது.

தொலைபேசி, இணையம், செயலி என எந்த வழியிலும் 311-இல் புகார் பதியலாம். புகார் நகர வீட்டுவசதித் துறைக்குப் போகிறது. துறை முதலில் கட்டட உரிமையாளருக்குத் தெரிவித்து, வெப்பம் திரும்பியதா என்று குடியிருப்பவரிடம் விசாரித்து, திரும்பவில்லை என்றால் ஆய்வாளரை அனுப்புகிறது. இந்த ஏற்பாட்டின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது: புகார் வந்ததை அறிந்த உரிமையாளர், ஆய்வாளர் வருவதற்குள் பாய்லரை முடுக்கிவிட்டால், அளக்கும் நேரத்தில் அறை சட்டப்படி சூடாகவே இருக்கும், மீறல் எதுவும் பதிவாகாது. ஆகவே ஒரு புகாரோடு நிறுத்தாமல், குளிரும்போதெல்லாம் பதிய வேண்டும். அண்டை வீட்டாரும் தத்தம் வீட்டுக்குத் தனித்தனியாகப் பதிந்தால் கட்டடத்தின் பெயரில் வரலாறு சேர்கிறது. துறையின் இணையதளத்தில் அந்த வரலாற்றை யாரும் பார்க்கலாம் என்பதே என் கணிப்பில் இச்சேவையின் பெரும்பலன். வாடகைக்கு வீடு தேடுவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வெப்பமின்மை மீறலாகப் பதிவானால், அது உடனடி ஆபத்து எனக் கருதப்படும் 'சி' வகுப்பில் சேரும். உரிமையாளர் சரிசெய்யாவிட்டால் நகரமே ஆள் வைத்துப் பழுதுபார்த்து, செலவை அவரிடம் வசூலிக்க முடியும். புகார் செய்ததற்காக வெளியேற்ற முயல்வதும் மாநிலச் சட்டம் தடைசெய்யும் பழிவாங்கலே.

ஆய்வாளர் வரும்வரை மின் ஹீட்டரை மட்டும் நம்பி இருப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்: 2022 ஜனவரியில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி அடுக்ககம் ஒன்றில் 17 பேர் இறந்த தீவிபத்து, பழுதான மின் ஹீட்டரில்தான் தொடங்கியது.

அன்றே வெப்பம் வேண்டும் என்பவருக்கு 311 ஏமாற்றம் தரலாம். வீட்டுவசதி நீதிமன்றம் வரை போகத் தயாராக இருப்பவருக்கு, அது சேர்த்துத் தரும் ஆவணம் வேறெங்கும் இலவசமாகக் கிடைக்காது. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்.