ஹாட்ச் மிளகாய்க்கு முன்பணம் கட்டுகிறீர்களா? முதலில் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு. "அசல் ஹாட்ச் பச்சை மிளகாய், உங்கள் கண்ணெதிரே சுட்டுத் தருகிறோம்" என்ற விளம்பரங்கள் மறுபடி வர ஆரம்பித்துவிட்டன. ஹாட்ச் மிளகாய் என்பது அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் விளையும், சுட்டுத் தோலுரித்துச் சமைக்கும் பெரிய மிளகாய். போன வருடம் அப்படி ஒன்றில் எங்கள் பணம் மாட்டிக்கொண்டது.

வேலைக்காக நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரத்தில் சில வருடங்கள் இருந்தோம். அங்கே எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும், மேலே ஊற்றும் மிளகாய்ச் சாறு "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்லவேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் மளிகைக்கடை வாசலிலேயே கம்பிவலை உருளையைச் சுழற்றி, கேஸ் தீயில் மிளகாயைச் சுடுவார்கள். மூட்டையாக வாங்கி, தோலுரித்து, ஃப்ரீசரில் அடுக்கினால் வருடம் முழுக்க ஓடும். இங்கே வந்தபிறகு எங்களுக்கு இல்லாமல் போனது அதுதான்.

அதனால் ஒரு பெரிய கடையின் பார்க்கிங்கில் டிரெய்லர் போட்டு விற்பவரிடம் 25 பவுண்டுக்கு 90 டாலர் முன்பணம் கட்டினோம். ஜூலை முதல் வாரமே வரச்சொன்னார். இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டதற்கு, இந்த வருடம் வெயில் அதிகம், அறுவடை முந்திவிட்டது என்றார்.

வித்தை எங்கே என்றால், பெட்டிகளை டிரெய்லருக்குப் பின்னால் வைத்துப் பிரிக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது தீயும் சுழலும் உருளையும் மட்டும். கைக்கு வருவது சூடான பிளாஸ்டிக் பை. அந்த வாசனைக்கு முன்னால் யார் லேபிளைக் கேட்கப்போகிறார்கள்?

வீட்டில் உரித்தால் சதையே இல்லை, வெறும் தண்ணீர். பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டுப் பச்சை மிளகாய் ஸ்டூ வைத்தோம். காரம் மருந்துக்கும் இல்லை. "குடைமிளகாய்க் குழம்பு நல்லா இருக்கு" என்றாள் மனைவி. அடுத்த சனிக்கிழமை போய் டிரெய்லரின் பின்பக்கம் பார்த்தேன். அட்டைப்பெட்டிகளில் "அனஹைம்" என்று வேறொரு மிளகாயின் பெயர், அதற்குக் கீழே "மெக்சிகோ விளைச்சல்" என்று அச்சடித்திருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கேட்டதற்கு அவர் அசரவே இல்லை. ஹாட்ச் என்பது ஒரு ரகம், எங்கே விளைந்தாலும் ஹாட்ச்தான் என்றார். பச்சைப் பொய். ஹாட்ச் என்பது தெற்கு நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றோரம் இருக்கும் ஒரு சிற்றூர். அந்தப் பள்ளத்தாக்கில் விளைவது பிக் ஜிம், சாண்டியா என்று பல ரகம். பிக் ஜிம்மை 1975-ல் வெளியிட்டது லாஸ் குருசெஸில் உள்ள நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம். அனஹைமும் இதே குடும்பம்தான், மறுக்கவில்லை. 1890-களில் எமிலியோ ஒர்டேகா என்பவர் நியூ மெக்சிகோவிலிருந்து விதை கொண்டுபோய்க் கலிஃபோர்னியாவில் போட்டது. ஆனால் காரம் குறைவு, விலையும் குறைவு. நியூ மெக்சிகோவில் விளையாததை நியூ மெக்சிகோ மிளகாய் என்று விற்கக்கூடாது என 2011-ல் அந்த மாநிலம் சட்டமே போட்டது. நியூ ஜெர்சி பார்க்கிங்கில் அதை யார் கேட்பது?

அதே ஆள் நியூ மெக்சிகோவின் தலைநகர் பெயரில் "சான்டா ஃபே என்சிலாடா" (சோள ரொட்டிமேல் மிளகாய்ச் சாறு ஊற்றும் பண்டம்) என்றும் ஒன்று விற்கிறார். கொத்துக்கறி, மஞ்சள் சீஸ், சீரகம் தூக்கலாக ஒரு தக்காளிச் சாறு. டெக்சாஸ் பாணி என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சான்டா ஃபே பக்கத்துச் சிவப்புச் சாறு காய்ந்த மிளகாயை ஊறவைத்துப் பூண்டோடு அரைப்பது, தக்காளி கிடையாது. நீலச்சோள டார்ட்டியா ரொட்டிகளைச் சுருட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கேட்டால் மேலே ஒரு முட்டையும் பொரித்து வைப்பார்கள்.

பணத்தைத் திருப்பித்தர மறுத்துவிட்டார். கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் புகார் கொடுத்தேன். அவருடைய விளம்பரத்தையும் பெட்டி போட்டோவையும் சேர்த்து அனுப்பியதும் முழுத்தொகையும் வந்தது. ரொக்கமாகக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு டாலர்கூட வரவில்லை.

ஆகவே ரொக்கம் வேண்டாம். உருளையில் கொட்டுவதற்கு முன் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள், எந்தப் பண்ணை என்று கேளுங்கள். ஜூன் மாதமோ ஜூலை தொடக்கத்திலோ "புதுசு" என்று விற்றால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். நாங்கள் இப்போது ஹாட்ச் பண்ணை ஒன்றிலிருந்தே சுட்டு உறையவைத்ததை நேரடியாக வரவழைக்கிறோம். அனுப்பும் செலவு மிளகாய் விலையைத் தொடுகிறது, உண்மைதான். காய்ந்த சிவப்பு மிளகாய் என்றால் சாதாரண பார்சலில் வந்துவிடும். ஆர்டர் போடும்போது மைல்டா, மீடியமா, ஹாட்டா என்று கேட்பார்கள். யோசிக்காமல் ஹாட் போடுங்கள்.