போர்ட் லூயி பழைய நகர நடை: பார்க்க வேண்டியதெல்லாம் உண்டு, வரிசைதான் தப்பு

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில், விடுதிகளில் சொல்லிவைத்தால் ஏற்பாடு செய்து தரும் அரைநாள் நடை இது. துறைமுகக் கரையிலுள்ள கொதான் கடைவளாகத்தில் தொடங்கி நண்பகலில் குன்றின்மேலுள்ள சித்தாடெல் கோட்டையில் முடிகிறது. உச்சிவெயிலில் நிழலில்லாத ஏற்றம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பாதிப்பேர் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வழிகாட்டியிடம் பேசித் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள்: காலையிலேயே கோட்டை, இறங்கி 1822இல் திறந்த நாடக அரங்கு, அரசு மாளிகை, ஜும்மா மசூதி, சந்தை, ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட், கடைசியில் கொதான். வழி முழுக்க இறக்கமும் சமதரையும்தான். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் மசூதிக்குள் போக முடியாது. சந்தையில் தால்பூரியும் (பருப்பு ரொட்டி) அலூடாவும் (குளிர்ந்த பால்பானம்) சாப்பிட நேரம் விடுங்கள், வழிகாட்டி அவசரப்படுத்துவார்.

கொதானிலுள்ள ப்ளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847ஆம் ஆண்டின் இரண்டு அரிய மொரீஷியஸ் அஞ்சல்தலைகளுக்கு மணிக்கொருமுறை, அரைமணியை ஒட்டிச் சுமார் பத்து நிமிடம் மட்டுமே விளக்குப் போடுகிறார்கள். வெளிச்சம் பட்டால் மை வெளுத்துவிடும். மற்ற நேரத்தில் காண்பது நகல்தான். இதைக் கணக்கில் வைக்காத குழு காசு கொடுத்து நகலைப் பார்த்துவிட்டு வரும். ஞாயிறு விடுமுறை.

ஆப்ரவாசி காட்டுக்குக் கட்டணமில்லை. ஒப்பந்தக் கூலிகள் கரையேறிய பதினாறு கற்படிகளில் அவசரமில்லாமல் நில்லுங்கள். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். பழைய வளாகத்தில் பாதிகூட மிஞ்சவில்லை.

குறை இங்கேதான் தொடங்குகிறது. இந்தியர் வருகையை வழிகாட்டி 1834இலிருந்து சொல்கிறார். அதற்கு நூறாண்டு முன்பே பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே புதுச்சேரியிலிருந்து வரவழைத்த கொத்தர்களும் தச்சர்களும் இந்தத் துறைமுகத்தைக் கட்டியதையும், நகரின் கிழக்கே அவர்கள் குடியிருந்த ‘கான் தே மலபார்’ பகுதியையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லாபூர்தொனே சிலைமுன் மட்டும் வெகுநேரம் நிற்கிறார். நம்மவர்கள் போனால் கேட்டே ஆகவேண்டும், கேட்டால் சொல்கிறார்.

கனமழை எச்சரிக்கை வந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள். 2013 மார்ச் 30 திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள், பலர் கொதானையும் நகரையும் இணைக்கும் சுரங்கப்பாதையில்.

அபர்குரோம்பியிலுள்ள சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் இந்த நடையில் சேராது. நடந்துபோகத் தூரம், முடித்துவிட்டு டாக்ஸி பிடியுங்கள். கோவில் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.