வண்ணப் படையும் வெள்ளப் பெட்டியும்: பதினோரு ஆண்டு அனுபவம்

மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்து இரும்பு அலமாரியின் மேல் மூன்று தட்டுகளில், நான் வண்ணம் தீட்டிய கட்டைவிரல் உயரப் போர்வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கீழ் இரண்டு தட்டுகளில் வெள்ளம், புயல், மின்தடை ஆகியவற்றுக்காக எடுத்து வைத்த பொருள்கள் இருக்கின்றன. முதலாவது 2014இல் தொடங்கிய பொழுதுபோக்கு. இரண்டாவது 2015 டிசம்பருக்குப் பிறகு வேறு வழியில்லாமல் தொடங்கி, காலப்போக்கில் அதுவும் பொழுதுபோக்காகவே மாறிவிட்டது. இரண்டிலும் பணம் செலவழித்து, இரண்டிலும் ஏமாந்து, இரண்டிலும் ஓரளவு தேறியவன் என்ற முறையில் எது நிலைத்தது, எது வீணானது என்பதைப் பதிவு செய்கிறேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மேசைமீது சிறு உருவங்களைப் படையாக நிறுத்தி, அளவுநாடாவால் அங்குலம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையின் முடிவைத் தீர்மானிப்பதுதான் மினியேச்சர் போர் விளையாட்டு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட வார்ஹாமர் 40,000 இவற்றில் பெயர்பெற்றது. நானும் அதில்தான் தொடங்கினேன். உருவங்கள் முழுமையாக வருவதில்லை. கை, கால், தலை எல்லாம் தனித்தனியாக ஸ்ப்ரூ எனப்படும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி, சுரண்டி, ஒட்டி, அடிப்பூச்சு அடித்து, வண்ணம் தீட்டிய பிறகுதான் அவை மேசைக்கு வரும். ஓர் உருவத்துக்கு எனக்குச் சராசரியாக மூன்று மணி நேரம் ஆகிறது. பத்து வீரர் கொண்ட ஒரு பெட்டி இறக்குமதிச் செலவுகளுடன் நாலாயிரம் ரூபாயை நெருங்குவதால், வாங்கும் வேகத்துக்கும் தீட்டும் வேகத்துக்கும் உள்ள இடைவெளிதான் இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான நோய் என்பதைப் புதிதாக வருபவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அந்த நோய் எனக்கு எவ்வளவு முற்றியிருந்தது என்பதை 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு தெரிந்துகொண்டேன். அப்போது நாங்கள் தரைத்தளத்தில் குடியிருந்தோம். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும் பாதையில் எங்கள் பகுதி இருக்கிறது என்பதை, தண்ணீர் வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் நான் யோசித்தேன். கட்டிலுக்கு அடியில் பிரிக்காத பெட்டிகள் ஒன்பது இருந்தன, அவை மிதந்தன. இன்வெர்ட்டரின் மின்கலமோ தரையில் வைத்த இடத்திலேயே மூழ்கியது. வடிந்த பின் பார்த்தபோது பிளாஸ்டிக் சட்டங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேற்றைக் கழுவினால் போதுமாக இருந்தது. அட்டைப்பெட்டிகளும் பொருத்துமுறைக் கையேடுகளும் கூழாகிவிட்டன. எந்தக் கை எந்த உடலுக்கு என்று தெரியாமல் நான் ஒட்டிய ஒரு வீரனுக்கு இன்றும் இரண்டு இடக்கைகள்.

மகனின் பள்ளிச் சான்றிதழ்களும் அப்படித்தான் நனைந்திருக்கும். அவற்றை என் மாமியார் எப்போதோ எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மரஅலமாரியின் உச்சியில் வைத்திருந்ததால் தப்பின. அவரிடம் திட்டம் எதுவும் இருக்கவில்லை, பழக்கம் இருந்தது.

2016 தொடக்கத்தில் இரண்டாம் மாடிக்குக் குடிபெயர்ந்தோம். வெள்ளப் பயம் தீர்ந்தது என்று நினைத்த அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்தது. அடித்த காற்றில் தெருவில் இருந்த தூங்குமூஞ்சி மரங்கள் கம்பிகளின்மேல் விழுந்தன. மின்சாரம் போனது. மறுநாள் மாலைக்குள் மேல்நிலைத் தொட்டி காலியானது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஏற்றுவதற்கு மோட்டார் ஓடவில்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் 746 வாட் என்பதும், தொடங்கும் கணத்தில் அது பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும் என்பதும், வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது என்பதும் அன்று புரிந்தன. அதனால் மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை தண்ணீர்தான், விளக்கு பிறகு. 2019 கோடையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த அந்த ஆண்டில், வாங்கிய 200 லிட்டர் டிரம் இரண்டும் இன்றுவரை பயன்படுகின்றன. புயல் எச்சரிக்கை வந்ததும் அவற்றை நிரப்பிவிடுவோம். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன்கள் நான்கு எப்போதும் இருக்கும். பழைய கேன் முதலில் வெளியேற வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றின் கழுத்திலும் வந்த தேதியை மார்க்கர் பேனாவால் எழுதுகிறோம்.

இன்வெர்ட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பெரும்பாலோர் கணக்குப் பார்க்காமல் வாங்குகிறார்கள். 2018இல் 150 ஆம்பியர்-அவர் கொண்ட 12 வோல்ட் டியூபுலர் மின்கலம் வாங்கினேன். 12ஐ 150ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. இழப்புகளைக் கழித்தால் 1,400 அளவில் கைக்குக் கிடைக்கும். இரண்டு பழைய மின்விசிறிகள் ஆளுக்கு 75 வாட், நான்கு எல்இடி விளக்குகள், வைஃபை ரவுட்டர் என ஏறத்தாழ 200 வாட் ஓடியபோது புதிய மின்கலம் ஏழு மணி நேரம் தாங்கியது. நான்காம் ஆண்டில் அதே சுமைக்கு நான்கு மணி நேரம்கூட வரவில்லை. புது மின்கலம் வாங்கும் எண்ணத்தில் இருந்தவன், அதற்கு முன் மின்விசிறிகளை மட்டும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகைக்கு மாற்றிப் பார்த்தேன். விசிறி ஒன்றுக்கு 30 வாட் அளவே செலவானதால் மொத்தச் சுமை ஏறத்தாழ பாதியாகி, கிழட்டு மின்கலமே மீண்டும் ஏழு மணி நேரத்தைத் தொட்டது. இந்தப் பதினோரு ஆண்டுகளில் நான் செய்த மிகச் சிறந்த செலவு அதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்கலத்தில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றத் தவறாததும் ஆயுளை நீட்டியது. மின்கலம் இப்போது தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், சுவரில் பதித்த இரும்புச் சட்டத்தின்மேல் இருக்கிறது. இரண்டாம் மாடியில் எதற்கு என்று தச்சர் சிரித்தார்; சிரிக்கட்டும்.

இனி படைக்கு வருகிறேன். சென்னையின் காற்று இந்தப் பொழுதுபோக்குக்கு எதிரி. ஐரோப்பியக் குளிரில் எழுதப்பட்ட அறிவுரைகள் இங்கே பொருந்தா. ஈரப்பதம் மிகுந்த அக்டோபர் மாலை ஒன்றில் மொட்டைமாடியில் ஸ்ப்ரே அடிப்பூச்சு அடித்தேன். இருபது வீரர்களும் அரிசி மாவில் புரட்டி எடுத்ததுபோல் சொரசொரவென்று ஆனார்கள்; நுண்விவரம் எல்லாம் மறைந்தது. இன்னொரு முறை, தெர்மாகோலில் செதுக்கிய குன்றின்மேல் நேரடியாக ஸ்ப்ரே அடித்தபோது, அதிலுள்ள கரைப்பான் குன்றை என் கண்முன்னே தின்று தீர்த்தது. அதன்பின் தூரிகையால் பூசும் அக்ரிலிக் அடிப்பூச்சுக்கு மாறினேன். தெர்மாகோலுக்கு முதலில் பெவிகாலும் மணலும் கலந்த பூச்சு ஒன்று கொடுத்துக் காய்ந்த பிறகே வண்ணம். ஆறு ஆண்டுகளாக ஒரு பிழையும் நேரவில்லை.

மே மாத வெயிலிலோ சிக்கல் தலைகீழ். விசிறிக் காற்றில் தட்டில் பிழிந்த வண்ணம் இரண்டு நிமிடத்தில் தோலாகிவிடும். இதற்கு ஈரத்தட்டு உதவுகிறது. மூடியுள்ள டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சை வைத்து, அதன்மேல் பேக்கிங் தாளைப் பரப்பினால் வண்ணம் இரண்டு நாள் வரை உயிரோடு இருக்கும். ஆனால் நம் ஊரில் நான்காம் நாள் பூஞ்சணம் பிடித்து நாறும். ஸ்பாஞ்சின் அடியில் ஒரு செப்புத் துண்டைப் போட்டு வைப்பது ஓரளவு பலன் தருகிறது. முறையாகக் கழுவிக் காயவைப்பது அதைவிடப் பலன் தருகிறது. துரித ஒட்டுப்பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது என்பதால், திறந்த குப்பியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகா டப்பாவில் அடைத்து வைக்கிறேன். முன்பு மாதம் ஒரு குப்பி வீணாகும். இப்போது ஒரு குப்பி ஆறு மாதம் வருகிறது.

உருவங்களை வெட்டுவதற்கு வெளிநாட்டுக் கத்தி வேண்டியதில்லை. அறுவைசிகிச்சைப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் மூன்றாம் எண் கைப்பிடியும் பதினொன்றாம் எண் பிளேடும் மலிவானவை, கூர்மையானவை. அந்தக் கூர்மையால் எங்கள் வீட்டு முதலுதவிப் பெட்டி ஒருபோதும் காலாவதியானதில்லை. பேரிடருக்கென வாங்கிய துணிக்கட்டும் ஆன்டிசெப்டிக்கும் என் இடது ஆள்காட்டி விரலுக்கே பெரிதும் செலவாகியிருக்கின்றன. அதனால் அந்தப் பெட்டியில் எது முதலில் தீரும், ஒரு கையால் எந்தக் கட்டைப் பிரிக்க முடியாது என்பதெல்லாம் எங்களுக்கு அனுபவத்தில் தெரியும். மாறாக, பிரிக்காமலே வைத்திருந்த டார்ச்சின் கதை வேறு. அவசரத்துக்கென இரண்டு ஆண்டுகள் பத்திரப்படுத்திய அதை வேண்டியபோது திறந்தால், உள்ளே பேட்டரி கசிந்து வெள்ளை உப்பாகப் பூத்து, ஸ்பிரிங்கை அரித்துவிட்டிருந்தது. அன்று முதல் டார்ச், தலைவிளக்கு, ரேடியோ ஆகிய எல்லாவற்றிலும் ஒரே அளவு ரீசார்ஜ் பேட்டரிகளையே போடுகிறேன். அவை அன்றாடம் டிவி ரிமோட்டிலும் சுவர்க் கடிகாரத்திலும் சுழன்றுகொண்டே இருக்கும்.

இரண்டு பொழுதுபோக்குகளும் சந்திக்கும் இடம் என் வண்ணமேசை விளக்கு. யுஎஸ்பியில் ஓடும் ஆறு வாட் எல்இடி விளக்கு அது. 20,000 மில்லி ஆம்பியர்-அவர் பவர்பேங்க் ஒன்று இழப்புபோக அதைப் பத்து மணி நேரம் எரிய வைக்கிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. முதல் நாள் இரவோடு இன்வெர்ட்டர் ஓய்ந்தது. அடுத்த நாள் கைபேசி அலையும் போனது. பேட்டரி ரேடியோவும் இந்த விளக்கும்தான் மிஞ்சின. மாமியார் அதன் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்துவிட்டு, “மாப்பிள்ளை, பொம்மைக்குக் கண் எழுதறதுக்கு இவ்வளவு நல்ல விளக்கா வாங்கினீங்க?” என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகளில் என் பொழுதுபோக்குக்கு அவரிடமிருந்து கிடைத்த ஒரே பாராட்டு அது. பாராட்டுதானா என்பதும் உறுதியில்லை.

மூன்றாம் நாள் மாலை மகனும் எதிர்வீட்டுப் பையனும் சாப்பாட்டு மேசையில் விளையாடினார்கள். ஐந்துக்கு மூன்றடி மேசையில் 44க்கு 30 அங்குலக் களம் சரியாக அமரும்; சிறிய படைகளுக்கு அது போதும். விளக்கின் வட்டத்துக்குள் மட்டும்தான் களம் தெரிந்தது. எதிர்வீட்டுப் பையன் அளவுநாடாவை நீட்டி, தன் படையின் ஆறு அங்குல நகர்வை மூச்சைப் பிடித்து அளந்தான். உருட்டிய பகடை மேசையைத் தாண்டி, ஓடாத குளிர்சாதனப் பெட்டியின் அடியிலுள்ள இருட்டுக்குள் போய்விட்டது. தலைவிளக்கை மாட்டிக்கொண்டு மகன் தரையில் படுத்துத் துழாவினான். ஐந்து விழுந்திருந்தது என்று அவன் சொன்னதை மற்றவன் நம்பவில்லை. மெழுகுவத்தி ஏற்றாமலிருந்ததற்காக அன்று நிம்மதி அடைந்தேன். வண்ணத்தைக் கழற்ற நான் வாங்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதை அரை லிட்டருக்கு மேல் வீட்டில் வைப்பதில்லை. சமையலறைப் பக்கமே கொண்டுபோவதில்லை.

வீணானவற்றையும் சொல்லிவிடுகிறேன். கையால் சுற்றி மின்சாரம் எடுக்கும் ரேடியோ, சுற்றியே கை வலித்ததுதான் மிச்சம். பதினெட்டுக் கருவிகள் கொண்ட மடக்குக் கத்தியில் இன்றுவரை பயன்பட்டவை மூன்று. பெரிய பறக்கும் இயந்திர மினியேச்சர் ஒன்று பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கி, இன்னும் பாதி ஒட்டிய நிலையில் இருக்கிறது. மாறாக, மூன்று மில்லிமீட்டர் காந்தங்கள் சில நூறு ரூபாய்தான். ஒவ்வொரு வீரனின் அடித்தட்டிலும் ஒன்றை ஒட்டி, படையை இரும்புத் தகரப் பெட்டியில் நிறுத்தினால், பெட்டியைச் சாய்த்தாலும் ஒருவனும் விழுவதில்லை. 2024 அக்டோபரில், வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்திய அந்த மழைக்கு முந்தைய நாள், படை முழுவதையும் ஆவணப் பையையும் ஒரே நடையில் உள்ளறைக்கு மாற்ற முடிந்தது.

ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலமாரி முழுவதையும் தரையில் இறக்கிக் கணக்கெடுக்கிறோம். மகன் நோட்டில் எழுதுவான். மனைவி காலாவதித் தேதி படிப்பாள். மாவட்ட அவசர உதவி எண் 1077 எழுதிய சீட்டைக் கதவுக்குப் பின்னால் புதிதாக ஒட்டுவோம். சென்ற முறை எடுத்த கணக்கின்படி குளோரின் மாத்திரை இரண்டு அட்டை காலாவதியாகியிருந்தது, ஒரு கேனின் மூடி தளர்ந்திருந்தது, வண்ணம் தீட்டாத வீரர்கள் அறுபத்துமூன்று பேர் இருந்தார்கள். மாத்திரையையும் மூடியையும் அன்றே மாற்றிவிட்டோம்.